மோட்டார் வைத்த சைக்கிளை மிதித்தால் சர்க்கரை குறையுமா?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு 53 வயது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருக்கிறேன். எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்பார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரையைக் காலையிலும் இரவிலும் சாப்பிடுகிறேன். ரத்தக் கொதிப்புக்கும் ஒரு மாத்திரை உண்டு. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, கடைசியாக எடுத்தபோது 8.2. தினமும் நடக்கச் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு முழங்காலிலும் தேய்மானம்; கால் மணி நேரத்துக்கு மேல் நடந்தால் மறுநாள் படியேற முடியவில்லை. அறிவொளி இயக்கக் காலத்தில், 20 வயதில், சைக்கிள் கற்றுக்கொண்டு ஊர் ஊராகப் போய் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான். ஸ்கூட்டி வாங்கிய பிறகு சைக்கிளைத் தொடவில்லை. பள்ளி, வீட்டிலிருந்து 7 கிலோமீட்டர். எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்கிறான் மகன். “மோட்டார் இழுத்துக்கொண்டு போவதில் என்ன உடற்பயிற்சி? அதற்கு ஸ்கூட்டியிலேயே வரலாமே” என்று உடன் வேலை பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். அது உடற்பயிற்சிக் கணக்கில் வருமா? என் நிலையில் ஓட்டலாமா? வழியில் சுகர் இறங்கிவிட்டால் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு வணக்கம்.

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். பெடலை நீங்கள் மிதிக்கிற வரையில் எலெக்ட்ரிக் சைக்கிள் ஓட்டுவது உடற்பயிற்சிதான். முழங்கால் வலியால் நடை தடைப்பட்டுப்போன உங்களைப் போன்றவர்களுக்கு அது நடையைவிடக் கூடுதலாகவே பலன் தரக்கூடும். அதே சமயம், உங்களுடன் வேலை பார்ப்பவர்கள் சிரிப்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் எலெக்ட்ரிக் சைக்கிள்கள் பலவற்றில் ஆக்சிலேட்டரும் இருக்கும். பெடலில் ஒரு சுற்றுக்கூடச் சுற்றாமல், அதை முறுக்கியோ கட்டைவிரலால் அழுத்தியோ ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். அப்படி ஓட்டினால் அது மெதுவாகப் போகிற ஸ்கூட்டி, அவ்வளவுதான்.

என்னிடம் வரும் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர், எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கி மூன்று மாதமாக ஓட்டுவதாகவும் சர்க்கரை மட்டும் அசைய மறுப்பதாகவும் ஒருமுறை குறைப்பட்டுக்கொண்டார். அந்த வண்டியிலேயே வந்திருந்ததால் வெளியே போய்ப் பார்த்தேன். மீட்டர் 600 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. பின்சக்கர டயர் தேயத் தொடங்கியிருந்தது. பெடல் ரப்பரின் வரிகளோ கடையிலிருந்து அன்றைக்குத்தான் எடுத்து வந்ததுபோல் கூர்மையாக இருந்தன. சங்கிலியில் துரு ஏறியிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே சிரித்துவிட்டார்.

ஆகவே வண்டி வாங்கும்போது கவனிக்க வேண்டியது, மிதித்தால் மட்டும் உதவுகிற முறையில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான். அதில் இரண்டு வகை உண்டு. விலை குறைந்த வண்டிகளில், பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்க்கும் சென்சார் இருக்கும். கால் அழுத்தாமல் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தாலும் மோட்டார் தன் பங்கை முழுதாகக் கொடுத்துவிடும். விலை கூடிய சிலவற்றில், கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை அளக்கும் டார்க் சென்சார் இருக்கும். நீங்கள் கூட்டினால் அதுவும் கூட்டும், நீங்கள் தளர்ந்தால் அதுவும் தளரும். உடற்பயிற்சிக்கு இரண்டாவது வகை நல்லது என்றாலும், அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். முதல் வகையிலும் உதவியின் அளவை 1, 2, 3 என்று கூட்டிக் குறைக்கப் பொத்தான் இருக்கும். 1-இல் வைத்து, கியர் இருந்தால் அதையும் சரியாகப் போட்டுக்கொண்டால், காலுக்கு வேண்டிய வேலை கிடைத்துவிடும். கடையில் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பிரேக் பிடியைத் தொட்டதும் மோட்டார் உடனே நின்றுவிடுகிறதா என்பதை இரண்டு மூன்று முறை சோதித்துக்கொள்ளுங்கள். மோட்டார் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டிருந்தால் இந்தியச் சட்டப்படி ஓட்டுநர் உரிமமும் பதிவு எண்ணும் வேண்டியதில்லை. ஹெல்மெட்டைச் சட்டம் கேட்காவிட்டாலும் நான் கேட்பேன்.

இந்த வேறுபாட்டை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எலெக்ட்ரிக் சைக்கிளையும் சர்க்கரை நோயையும் பற்றி வந்திருக்கும் நல்ல ஆய்வுகள், மிதித்தால் மட்டுமே மோட்டார் இயங்கும் வண்டிகளில் நடந்தவை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுள்ள 20 பேரிடம் அப்படிப்பட்ட சைக்கிளைக் கொடுத்து 20 வாரம் விருப்பம்போல் ஓட்டச் சொன்னார்கள். 2018-இல் வெளியான அந்த ஆய்வில் 18 பேர் கடைசிவரை நின்றார்கள். யாரும் கட்டாயப்படுத்தாமலேயே, வாரத்துக்கு 21.4 கிலோமீட்டர் என்கிற நடுமதிப்பில் ஓட்டியிருந்தார்கள். அவர்கள் நடந்தபோது இதயத் துடிப்பு, அவரவருடைய அதிகபட்சத் துடிப்பில் 64.3 விழுக்காடாக இருந்தது. எலெக்ட்ரிக் சைக்கிளில் அது 74.7 விழுக்காடு. மோட்டார் உதவியபோதும் நடையைவிடக் கூடுதலாகத்தான் இதயம் உழைத்திருக்கிறது. இருபது வார முடிவில் அவர்களுடைய உச்ச உழைப்புத் திறன் ஏறத்தாழ 11 விழுக்காடு உயர்ந்திருந்தது. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், உட்கார்ந்தே வேலை பார்க்கும் 20 பேர் வாரத்தில் மூன்று நாளாவது, நாளுக்கு 40 நிமிடமாவது எலெக்ட்ரிக் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தார்கள். நாலே வாரத்தில், குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சர்க்கரை அளவு அவர்களுக்குக் குறைந்திருந்தது.

இவை சிறிய ஆய்வுகள். பிரிஸ்டல் ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. ஆகவே “எலெக்ட்ரிக் சைக்கிள் ஓட்டினால் எச்பிஏ1சி இத்தனை புள்ளி இறங்கும்” என்று இவற்றை வைத்து உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் முறையான உடற்பயிற்சியைப் பற்றிப் பொதுவாகச் சொல்ல முடியும். பல ஆய்வுகளைத் திரட்டி 2011-இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்றில், முறைப்படி பயிற்சி செய்தவர்களுக்கு எச்பிஏ1சி சராசரியாக 0.67 புள்ளி குறைந்திருந்தது. வாரத்துக்கு 150 நிமிடத்தைத் தாண்டியவர்களுக்கு 0.89, அதற்கு உட்பட்டவர்களுக்கு 0.36. உங்கள் 8.2 என்பது, மாத்திரையும் சாப்பாடும் இப்போதுபோலவே இருக்க, ஏழரையை ஒட்டி வந்தால் நான் மகிழ்வேன்; அதற்கு மேல் எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

உங்களுக்கென்று இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. பத்து ஐரோப்பிய நாடுகளில் சர்க்கரை நோயுள்ள 7,459 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2021-இல் வெளிவந்த ஆய்வில், சைக்கிளே ஓட்டாதவர்களைவிட ஓட்டுகிறவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. முதலில் ஓட்டாமல் இருந்து, ஐந்தாண்டு இடைவெளிக்குள் புதிதாகத் தொடங்கியவர்களிடமும் அதே குறைவு தென்பட்டது. அது சாதாரணச் சைக்கிளைப் பற்றியது. சைக்கிள்தான் காரணம் என்று அறுதியிட்டு நிறுவும் வகை ஆய்வும் அல்ல. ஆனால் நடுவயதுக்குப் பிறகு தொடங்குவது காலம் கடந்த காரியம் என்று யாராவது சொன்னால், அதற்கு இதில் ஆதாரமில்லை. 1990-களின் தொடக்கத்தில் உங்கள் மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டபோது சிரித்தவர்கள் எத்தனை பேர் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

கால் மிதிப்பதற்கும் ரத்தத்துச் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் எச்சரிக்கைகள் அதிலிருந்தே பிறக்கின்றன. சர்க்கரை தசைக்குள் போக வழக்கமாக இன்சுலின் சொல்ல வேண்டும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் இன்சுலின் சொல்வது தசையின் காதில் சரியாக விழுவதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் சொல்லாமலேயே, சர்க்கரையை உள்ளே இழுக்கும் வாயில்கள் தசையின் மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. உடலில் இருக்கும் தசைகளில் மிகப் பெரியவை தொடையிலும் புட்டத்திலும் உள்ளவை. சைக்கிளில் வேலை செய்பவையும் அவையே. வண்டியை நிறுத்திய பிறகும் அந்தத் தசைகள் தாங்கள் செலவழித்த இருப்பை நிரப்பிக்கொண்டே இருக்கும் என்பதால், ஒரு நாள் ஓட்டியதன் பலன் மறுநாளும், சில சமயம் அதற்கு அடுத்த நாளும்கூட நீடிக்கும். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

இனி உங்கள் கணக்கு. 7 கிலோமீட்டரை மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க ஏறத்தாழ 26 நிமிடம் ஆகும். போக வர 52 நிமிடம். வாரத்தில் மூன்று நாள் ஓட்டினாலே 150 நிமிடத்தைத் தாண்டிவிடுகிறீர்கள். பிரிஸ்டல்காரர்கள் ஒரு வாரத்தில் ஓட்டியதை நீங்கள் ஒன்றரை நாளில் ஓட்டிவிடுவீர்கள். திங்கள், புதன், வெள்ளியில் தொடங்குங்கள். மற்ற நாள்களில் ஸ்கூட்டி இருக்கட்டும். ஒன்று மட்டும்: பிரிஸ்டல் மேடும் பள்ளமுமான ஊர், உங்கள் பக்கம் தரை ஏறக்குறையச் சமம். அங்கே மோட்டார் உதவியோடும் மூச்சு வாங்கியிருக்கும். உங்கள் சாலையில் உதவியைக் கூட்டி வைத்தால் காலுக்கு வேலையே இருக்காது. முதல் இரண்டு வாரம் உதவியைத் தாராளமாக வைத்துக்கொண்டு பழகுங்கள், பிறகு ஒவ்வொரு படியாக இறக்குங்கள். உழைப்புப் போதுமா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். பக்கத்தில் வருகிறவரிடம் இரண்டு வாக்கியம் தொடர்ந்து பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் ஒரு படி இறக்குங்கள். பேசவே திணறினால் ஒரு படி ஏற்றுங்கள். எதிர்காற்று வீசும் நாளில் வெட்கப்படாமல் ஏற்றிக்கொள்ளுங்கள். சாதாரணச் சைக்கிளை வாங்கியவர்கள் அதை மாமர நிழலில் சாத்திவைப்பது அந்த மாதிரி நாளில்தான் தொடங்குகிறது.

உங்கள் மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவராக இருந்தால் இதற்கு நான்கு வரியில் பதில் எழுதியிருப்பேன். அது தனியாக நின்று சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்குவது அரிது. கிளிமிபிரைடு அப்படியல்ல. சர்க்கரை ஏற்கெனவே இறங்கியிருந்தாலும் அது கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டேயிருக்கும். அதோடு தொடைத் தசைகளும் சர்க்கரையை இழுக்கத் தொடங்கினால், இரண்டும் ஒரே திசையில் வேலை செய்யும். காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நேரமாகிவிட்டது என்று சாப்பிடாமல் வண்டியை எடுப்பது உங்களுக்கு ஆபத்தானது. பிள்ளைகளின் காலை உணவை மேற்பார்வையிட ஓடுகிற தலைமை ஆசிரியர்களில் தாங்கள் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்டால் நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள், அரை மணி நேரம் கழிந்திருந்தால் இன்னும் நல்லது, இட்லியால் ஏறும் சர்க்கரையை மிதிக்கும் கால்களே பாதி வழியில் வாங்கிக்கொள்ளும்.

காலைப் பயணத்தைவிட மாலைப் பயணத்தைத்தான் நான் சந்தேகத்தோடு பார்க்கிறேன். மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டிருப்பீர்கள். காலையில் போட்ட மாத்திரை இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். வெயிலும் களைப்பும் சேர்ந்திருக்கும். முதல் இரண்டு வாரம் மாலையில் புறப்படும் முன் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு பார்த்துவிடுங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஒரு பூவன் பழமோ நான்கு பிஸ்கட்டோ சாப்பிட்டு, கால் மணி நேரம் கழித்துப் புறப்படலாம். 70-க்குக் கீழே இருந்தால் அன்றைக்கு ஓட்ட வேண்டாம். முதலில் அதைச் சரி செய்யுங்கள், யாரையாவது அழைத்துப் போகச் சொல்லுங்கள். மறுபக்கம், 300-ஐத் தாண்டியிருந்தாலோ, 250-க்கு மேல் இருந்து வாந்தி, காய்ச்சல், கடும் சோர்வு என்று ஏதாவது சேர்ந்திருந்தாலோ, அதுவும் சைக்கிளுக்கு ஏற்ற நாளல்ல. மருத்துவரைப் பார்க்கும் நாள்.

வண்டியில் போகும்போது தாழ்சர்க்கரையைக் கண்டுகொள்வது வீட்டில் இருக்கும்போது கண்டுகொள்வதுபோல் எளிதல்ல. படபடப்பும் வியர்வையும்தான் அதன் முதல் அடையாளங்கள். ஏப்ரல் மாத மாலையில் சைக்கிள் மிதிக்கிற யாருக்கும் அந்த இரண்டும் இருக்கும். உங்கள் ரத்தக் கொதிப்பு மாத்திரை அட்டினலால், மெட்டோப்ரலால் வகையைச் சேர்ந்ததாக இருந்தால், படபடப்பும் கை நடுக்கமும் வெளியே தெரியாமலேயே மறைந்துவிடும். ஆகவே வேறு அடையாளங்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: உதட்டைச் சுற்றி மரமரப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல், கண் மங்கல், தினமும் கடக்கும் வேகத்தடையைக் கவனிக்காமல் ஏறிவிடுவது. இவற்றில் ஏதாவது தோன்றினால், சோதித்துப் பார்த்து உறுதி செய்த பிறகுதான் நிறுத்த வேண்டும் என்பதில்லை, முதலில் நிறுத்துங்கள். மோட்டார்தான் இருக்கிறதே, மிதிக்காமல் ஆக்சிலேட்டரில் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். தாழ்சர்க்கரையில் முதலில் தடுமாறுவது கால் அல்ல, நிதானம். பிரேக்கைப் பிடிக்க வேண்டிய நொடியில் ஆக்சிலேட்டரைப் பிடிக்கும் கை அது.

ஓரமாக நிழலில் உட்கார்ந்து 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொள்ளுங்கள். குளுக்கோஸ் பொடி என்றால் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி. கால் மணி நேரம் கழித்துச் சோதித்து, 70-க்கு மேல் வரவில்லை என்றால் இன்னொரு முறை. சரியான பிறகு இரண்டு பிஸ்கட்டோ ஒரு பழமோ சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் மறுபடியும் இறங்கும். அளவு 100-ஐத் தாண்டி முக்கால் மணி நேரம் ஆன பிறகுதான் வண்டியைத் தொட வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை ஏறியதும் மூளையின் நிதானமும் அதே வேகத்தில் திரும்பிவிடுவதில்லை.

இங்கே ஒரு வேலை செய்யுங்கள்: மாத்திரை அட்டையைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். மெட்பார்மின், கிளிமிபிரைடு இரண்டோடு வோக்லிபோஸ் என்கிற மூன்றாவது மருந்தும் சேர்ந்த மாத்திரைகள் நம்மிடையே நிறையப் புழங்குகின்றன. சாப்பிடுகிறவர்களுக்கே அது தெரிந்திருப்பதில்லை. வோக்லிபோஸ், நாம் சாப்பிடும் சீனியைக் குடலில் உடைய விடாமல் தாமதப்படுத்துவது. அதைச் சாப்பிடுகிறவர் தாழ்சர்க்கரையில் சாக்லேட்டையோ சர்க்கரைத் தண்ணீரையோ எடுத்துக்கொண்டால் அது சரியான நேரத்தில் ரத்தத்துக்கு வந்து சேராது. உடைக்க வேண்டிய தேவையே இல்லாத குளுக்கோஸ்தான் வேலை செய்யும். மருந்துக்கடையில் குளுக்கோஸ் பாக்கெட் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஒன்று கைப்பையில், ஒன்று சைக்கிள் கூடையில், ஒன்று பள்ளி மேசை இழுப்பறையில் இருக்கட்டும். குளுக்கோமீட்டர் பட்டைகளை மட்டும் கூடையில் வெயில் படும்படி வைக்காதீர்கள், அளவு தப்பாகக் காட்டும். சைக்கிள் பேட்டரியும் வெயிலுக்கு ஆகாது. பள்ளியில் நிழல் பார்த்து நிறுத்துங்கள்.

முழங்காலைப் பற்றி. தேய்மானம் உள்ளவர்களுக்குச் சைக்கிள் ஒத்துப்போவதற்குக் காரணம், உடல் எடையைச் சீட் தாங்கிக்கொள்கிறது என்பது. எலெக்ட்ரிக் சைக்கிள் அதற்கு மேல் ஒரு உதவி செய்கிறது: நின்ற நிலையிலிருந்து வண்டியை நகர்த்தும் அந்த முதல் இரண்டு மிதிகளில்தான் முழங்காலுக்கு அதிகச் சுமை, அந்த இடத்தில் மோட்டார் கைகொடுக்கிறது. ஆனால் சீட் தாழ்ந்திருந்தால் இந்தப் பலன் அத்தனையும் வீண். நம் ஊரில் இரண்டு காலும் தரையில் படும்படி சீட்டை இறக்கி வைப்பது பழக்கம். அப்படி ஓட்டினால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் மார்பை நோக்கி மடங்கி வந்து, முட்டிச்சில் தொடையெலும்பின் மேல் அழுந்தித் தேயும். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, பெடல் மிகக் கீழே இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் முழுக்க நீண்டிருக்க வேண்டும். பிறகு வழக்கம்போல் முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் இலேசாக மட்டும் மடங்கியிருக்கும். அதுதான் உங்கள் உயரம். நெடுநாளைக்குப் பிறகு ஏறுகிறவர் முதல் நாளே அந்த உயரத்தில் உட்கார்ந்தால் பயம் வரும் என்பதால், தாழ்வாகத் தொடங்கி வாரத்துக்கு ஒரு விரற்கடை உயர்த்துங்கள். அந்தக் காலத்தில் பார் வைத்த ஆண்கள் சைக்கிளில் காலைத் தூக்கிப் போட்டு ஏறியிருப்பீர்கள். இப்போது பார் தாழ்ந்த வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். எலெக்ட்ரிக் சைக்கிள் 20 கிலோவுக்கு மேல் எடை வரக்கூடியது, ஏறும்போது சாய்ந்தால் தாங்கிப் பிடிப்பது சிரமம். ஓட்டிய மறுநாள் வலி வழக்கத்தைவிடக் கூடினால் தூரத்தைக் குறைக்காமல் முதலில் சீட்டையும் கியரையும் சரிபாருங்கள். பெரும்பாலும் குற்றம் அங்கேதான் இருக்கும்.

பாதம். எட்டு ஆண்டுச் சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்வு சற்றே மங்கியிருக்கக்கூடும், அது உங்களுக்குத் தெரியாமலும் இருக்கும். செருப்பு வேண்டாம், காலுறையோடு மூடிய ஷூ அணியுங்கள். மாலையில் வீட்டுக்கு வந்ததும் பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் பாருங்கள், குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள். சிவந்த இடம், கொப்புளம், புதிதாக ஆணி என்று எது தெரிந்தாலும் அது ஆறும்வரை சைக்கிளுக்கு விடுமுறை. சேலைக்கு, பின்சக்கரத்தில் வலையும் சங்கிலிக்கு மூடியும் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

தொடங்குவதற்கு முன் இரண்டு சோதனைகளைக் கேட்டுக்கொள்கிறேன். கடந்த ஓராண்டில் விழித்திரைச் சோதனை செய்யவில்லை என்றால் அதை முதலில் செய்யுங்கள்; விழித்திரையில் புதிய ரத்தக்குழாய்கள் வளர்ந்திருந்தாலோ ரத்தக் கசிவு இருந்தாலோ, அதற்குச் சிகிச்சை முடியும்வரை குலுங்குகிற பயணமும் மூச்சடக்கி மிதிப்பதும் கூடாது. இரண்டாவது இ.சி.ஜி. அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் மிதமான உடற்பயிற்சியைத் தொடங்க அது கட்டாயமில்லை என்பதே பொதுவான வழிகாட்டுதல். ஆனாலும் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்து, பல ஆண்டுகள் உடற்பயிற்சி இல்லாமல் இருந்த 53 வயதில், என்னிடம் வருகிறவருக்கு நான் எடுத்துப் பார்த்துவிடுவேன். ஓட்டும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் மூச்சுத்திணறலாக மட்டும் மாரடைப்பு வருவதும் உண்டு.

கத்திரி வெயிலில் பள்ளி விடுமுறை என்பது உங்கள் நல்ல காலம். மற்ற வெயில் நாள்களில் மாலை வெயில் தாழ்ந்த பிறகு புறப்படுங்கள், ஒரு லிட்டர் தண்ணீர் உடன் இருக்கட்டும். விடுமுறையில் சைக்கிளும் நின்றுவிடாமல், காலையில் சந்தைக்கோ கோயிலுக்கோ அதே 50 நிமிடத்தை ஓட்டிவிடுங்கள். ஆறு வாரம் விட்டால் ஏறக்குறைய முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். எடையைச் சீட் தாங்குவதால் எலும்புக்கும் உடலின் மேல்பாதிக்கும் சைக்கிளால் பெரிய பலன் இல்லை. அதற்கு வாரம் இரண்டு நாள், கையைப் பயன்படுத்தாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள், சுவரில் கை ஊன்றிப் பத்து முறை தள்ளுங்கள். ஓய்வு விட்டு இன்னொரு சுற்று. வகுப்பறையிலேயே செய்யலாம், பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள்.

கடைசியாக மாத்திரைக்கு வருகிறேன். ஓட்டத் தொடங்கிய முதல் இரண்டு வாரம், சைக்கிள் நாள்களில் மாலை புறப்படும் முன்பும் இரவு படுக்கும் முன்பும் அளவு பார்த்து, ஒரு பழைய வருகைப் பதிவேட்டின் தாளில் தேதியோடு எழுதிவையுங்கள். இரவு அளவு ஏன் என்றால், மாலையில் உழைத்த தசை நள்ளிரவிலும் சர்க்கரையை இழுத்துக்கொண்டிருக்கும், இரவு மாத்திரையும் அதோடு சேரும். படுக்கும் முன் 100-க்குக் கீழே இருந்தால் அரை டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். அப்படி ஒரே வாரத்தில் இரண்டு முறை வந்தாலோ, ஒருமுறையாவது 70-க்குக் கீழே போனாலோ, அடுத்த மாதப் பரிசோதனைக்காகக் காத்திருக்காமல் அந்தத் தாளோடு உங்கள் மருத்துவரிடம் போய், சைக்கிள் ஓட்டத் தொடங்கியிருப்பதைச் சொல்லுங்கள். குறைக்க வேண்டியது கிளிமிபிரைடாகத்தான் இருக்கும், எந்த வேளையில் எவ்வளவு என்பதை அவர் முடிவு செய்வார். நீங்களாகவே மாத்திரையைப் பாதியாக உடைக்காதீர்கள். மெட்பார்மின் மெல்லக் கரையும் வகையாக இருந்தால் அந்த மாத்திரை உடைப்பதற்கானதே அல்ல.